எண்ணெய் ஏறும் முன்

மணவாள நகர்
20-5-2002

சர்ஃபராஸ் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் உங்களுக்கு எழுதுறது இதுதான் முதல் தடவை. உம்மாவுக்குத் தெரியாது. போன் கூடத்துல இருக்கு, பேசினா வீடு முழுக்கக் கேட்கும். பதில் போட்டா மேரி வீட்டுக்குப் போடுங்க. என்னோட படிக்கிறவ, திருநின்றவூர். முகவரி கவர் பின்னால இருக்கு.

விஷயத்தைச் சொல்லிடறேன். வாப்பா நம்ம ரெண்டு பேருக்கும் பேசி வச்சிருக்கிறது எனக்கு வேணாம். உம்மாகிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். "மாமி மகனை வேணாம்னு சொல்ற அளவுக்கு நீ வளர்ந்துட்டியா"ன்னு அடுப்பைப் பார்த்துக்கிட்டே பேசுறாங்க. வாப்பா முன்னால என்னால வாயைத் திறக்க முடியாது. நீங்க சொன்னா கேட்பார். ஆம்பளை வேணாம்னு சொன்னா யாரும் காரணம் கேட்கிறதில்லை.

போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல நின்னு வாப்பா எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கார்: "நம்ம அம்பாசிடர் என்ஜினை என் மருமகன் தன் கையால கட்டுறான். அது ஓடுற அன்னிக்கு அந்த இடத்துலயே நிக்காஹ் தேதி." அதனாலதான் இப்பவே எழுதுறேன். என்ஜின் முடியறதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

வேற யாரும் என் மனசுல இல்லை. நீங்க அப்படித்தான் நினைப்பீங்கன்னு சொல்றேன். எனக்கு மூணாவது வருஷம் முடிக்கணும். அப்புறம் உங்களோட வாழ எனக்கு விருப்பம் இல்லை. ரெண்டும் உண்மை.

அஃப்ஸானா


கும்மிடிப்பூண்டி
24-5-2002

அஃப்ஸானாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. உள்ளே இருக்கிற விஷயம் உதவாது.

எனக்கும் உன்மேல் ஆசை ஒன்றும் பொங்கி வழியவில்லை. நீ வெளிப்படையாக எழுதியதால் நானும் எழுதுகிறேன். டிப்ளமோவில் முதல் வகுப்பு வாங்கியவன் நான். இங்கே சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு, ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத முதலாளி மச்சினனுக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். மாமா திருவள்ளூர் ரோட்டோரம் வாங்கிப் போட்டிருக்கிற இடத்தில் எனக்கு வொர்க்‌ஷாப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இடத்தை மட்டும் கேட்டால் தரமாட்டார். அந்த இடத்தோடு நீ வருகிறாய். பொருந்தினால் மாட்டு, இல்லாவிட்டால் கழற்றிவை என்று சொல்ல நீ உதிரிபாகம் இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் கணக்கு இதுதான்.

மூணாவது வருஷம் எதற்கு? வீட்டுக் கணக்குப் பார்க்க பி.காம். வேண்டுமா? என்னிடம் கால்குலேட்டர் இருக்கிறது.

நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தைரியம் இருந்தால் நீயே சொல்.

சர்ஃபராஸ்


மணவாள நகர்
29-5-2002

மச்சானுக்கு,

ஞாயித்துக்கிழமை என்ஜின் வேலைக்கு வந்தப்போ வாப்பாகிட்ட "காலேஜை நிறுத்திடுங்க மாமா, ட்ரெயின்ல தினம் இடிபட்டு என்ன சம்பாதிக்கப் போவுது"ன்னு சொன்னீங்களாம். உம்மா சந்தோஷமா வந்து சொன்னாங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், நீங்க அதையே எடுத்து என் கழுத்துல வச்சிட்டீங்க. நல்லா இருங்க.

கோபால் அண்ணனை எதுக்கு அப்படிப் பேசினீங்க? நான் பாவாடை சட்டை போட்ட காலத்துல இருந்து அந்த வண்டியை அவர்தான் ஓட்டுறார். தினம் என்னை ஸ்டேஷன்ல விடறதும் அவர்தான், வண்டி படுத்ததுல இருந்து கூடவே நடந்து வர்றார். போல்ட்டை எடுத்துக் குடுக்க வந்தவரை "உன் கை பட்டா என்ஜினுக்கு ரத்தக்கொதிப்பு வரும், தள்ளி நில்லு"ன்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. அவர் அப்போ சிரிச்சார். காலையில கடைசிப் பரீட்சைக்கு ஸ்டேஷன் போறப்போ என்ன சொன்னார் தெரியுமா? "மாப்ள சார் என்ஜினுக்கு ஆயில் ஊத்தறது அப்பால இர்க்கட்டும் பாப்பா. மொதல்ல அவரு வாய்க்கு ஊத்தணும், காஞ்சி போயி கறகறன்னுது."

நான் ரொம்ப நேரம் சிரிச்சேன்.

அஃப்ஸானா


கும்மிடிப்பூண்டி
5-6-2002

அஃப்ஸானாவுக்கு,

டிரைவர் ஜோக் அடித்ததை எழுதியிருக்கிறாய். அந்த ஆளுக்கு அது ஒன்றுதான் வரும். கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறவன். பழைய என்ஜின் செத்ததற்குப் பாதிக் காரணம் அவன்.

இப்போது வேலை. என்ஜின் கட்டி முடித்தாயிற்று. புது பிஸ்டன், புது பேரிங், புது ஆயில் பம்பு. சம்ப்பில் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். வரும் ஞாயிறு எனக்கு இங்கே ஷட்டவுன் வேலை, வரமுடியாது. வெள்ளிக்கிழமை 14-ம் தேதி காலையிலேயே வருகிறேன். ஜும்மா முடிந்து மாமா பானெட் மேல் சர்க்கரை வைத்து ஃபாத்திஹா ஓதி, தன் கையால் சாவி போடப் போகிறார். அதுவரை யாரும் வண்டியில் சாவி போடக்கூடாது. கோபாலுக்குக் கை அரிக்கும். நீ லீவில் வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், பார்த்துக்கொள். மாமியிடம் சொன்னால் மறந்துவிடுவார்.

ஏன் என்று உனக்குப் புரியும்படி சொல்கிறேன். எண்ணெய் ஊற்றியதும் என்ஜினுக்குள் எண்ணெய் இருக்கிறது என்று முட்டாள்தான் நினைப்பான். அது கீழே தொட்டியில் கிடக்கிறது. பம்பு உறிஞ்சி மேலே தள்ளினால்தான் பேரிங்குக்குப் போகும். புதுப் பம்பு காலியாக இருக்கிறது. காலிப் பம்பு காற்றைத்தான் உறிஞ்சும். அதனால் ஸ்டார்ட் பண்ணுகிற அன்றைக்கு, வெளியே இருக்கிற ஆயில் பைப்பைக் கழற்றி அந்த வழியாக உள்ளே எண்ணெய் ஊற்றி பம்பை நிரப்ப வேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிவிட்டு வெறும் செல்ஃப் அடித்து என்ஜினைச் சுற்றவேண்டும். மீட்டர் பக்கத்தில் இருக்கிற சிவப்பு லைட் அணைந்தால் எண்ணெய் எல்லா இடமும் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் பிளக் மாட்டி ஸ்டார்ட். முன்கூட்டியே செய்துவைத்தால் வடிந்து போகும், அதனால்தான் விட்டுவிட்டு வந்தேன்.

பாதுகாப்புக்கு காயில் வயரைப் பிடுங்கி டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். அது இல்லாமல் ஸ்டார்ட் ஆகாது.

தேதி முடிவாகிவிட்டால் இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிற பழக்கமும் நிற்கும்.

சர்ஃபராஸ்


மணவாள நகர்
8-6-2002

மச்சானுக்கு,

போன தடவை எடுத்தெறிஞ்சு எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உம்மாவும் பேசினாங்க. நானும் யோசிச்சுப் பார்த்தேன். இனிமே உங்க வேலையைப் பத்திக் கொஞ்சமாவது தெரிஞ்சு வச்சுக்கணும் இல்லையா.

நீங்க சொன்னபடி யாரையும் கிட்ட விடலை. ஆனா ஒண்ணு புரியலை. எண்ணெய் ஏறாம ஸ்டார்ட் பண்ணினா உடனே நின்னுடுமா? வெடிக்குமா? தப்பித்தவறி கோபால் அண்ணன் தொட்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? பயமா இருக்கு, அதான் கேட்கிறேன்.

அஃப்ஸானா


கும்மிடிப்பூண்டி
10-6-2002

அஃப்ஸானாவுக்கு,

முதல் தடவையாக உருப்படியான கேள்வி கேட்டிருக்கிறாய். என் ஷிஃப்ட்டில் இருக்கிறவன் எவனும் இதைக் கேட்டதில்லை.

வெடிக்காது, உடனே நிற்கவும் நிற்காது. நன்றாகவே ஓடும். அதுதான் அதில் இருக்கிற கொடுமை. பேரிங்கை மாட்டும்போது நான் விரலால் எண்ணெய் தடவியிருக்கிறேன். அந்த ஈரத்தில் மெதுவாகக் கொஞ்சம் தாங்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தாங்காது. இரும்பும் பேரிங்கும் நேருக்கு நேர் தேயும். முதலில் மேலே காய்ந்த சத்தம் வரும், பிறகு அடியிலிருந்து கட்டையால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது வந்துவிட்டால் முடிந்தது. அப்புறம் எண்ணெயில் குளிப்பாட்டினாலும் பிழைக்காது.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. புதுசு மாதிரியே நிற்கும். மறுபடி எடுத்து ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இறுகிக்கொள்ளும். சம்ப்பைத் திறந்து பார்க்கிறவனுக்குத்தான் உண்மை தெரியும்.

லைட்டைப் பார். சிவப்பு எரிகிறவரை என்ஜின் பட்டினி. இந்த ஒன்றை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், எனக்குப் பெண்டாட்டியாக இருக்க உனக்குப் பாதித் தகுதி வந்துவிட்டது.

சர்ஃபராஸ்


கும்மிடிப்பூண்டி
17-6-2002

அஃப்ஸானாவுக்கு,

வெள்ளிக்கிழமை நடந்ததை நீ ஜன்னலில் நின்று பாதிதான் பார்த்திருப்பாய். மீதியைக் கேள்.

காலையில் வந்து பம்பை நிரப்பி, பிளக்கைக் கழற்றிச் சுற்றினேன். லைட் அணைந்தது. எல்லாம் சரி. மாமா ஓதிவிட்டு, சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டே சாவி போட்டார். கிளம்பியது. பள்ளிவாசல் ஹஜ்ரத் முன் சீட்டில், பின்னால் ஜமாத் பெரியவர்கள். ரயில்வே கேட் தாண்டவில்லை. அடியில் தட்டல். நான் நிறுத்துங்கள் என்று கத்துவதற்குள் இறுகிப்போய் நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லோரும் இறங்கி, தெருவே வேடிக்கை பார்க்க வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். உன் சாச்சா மொஹசின் தள்ளவில்லை. பக்கத்தில் நடந்து வந்துகொண்டே, "டிப்ளமோ, நல்லா தள்ளு. அதுக்குத்தானே படிச்ச?" என்றார்.

நான் தப்பு செய்கிறவன் இல்லை. நேற்று எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சம்ப்பைத் திறந்தேன். மூன்றாவது பேரிங் நீலம் பாரித்துக் கிடந்தது, அது உருகி கிராங்க் தண்டின் மேல் ஜரிகை மாதிரி ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ஓடின தூரத்துக்கு அப்படி ஆகாது. அதற்கு முன்னால் எவனோ எண்ணெய் ஏற்றாமல் ஸ்டார்ட் பண்ணி மிதித்திருக்கிறான் என்று சொன்னேன். சாவி யாரிடம் இருக்கும் என்று சாச்சா கேட்டார். பக்கத்து வீட்டு ரோசம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்துச் சொன்னாள், "வியாழக்கிழமை மத்தியானம் வண்டி உர்ர்னு கத்திக்கினு இருந்துச்சே! கேட்டதுக்கு, கோபால் பாத்துக்கினு கீறாருன்னு சொன்னாங்களே?"

போதாதா?

கோபால் அழுதான். "நான் மாவு மிசினாண்ட போயிருந்தேன் சார். எங்க வூட்டுக்காரி கங்கம்மா மேல சத்தியமா தொடல சார்" என்றான். மாவு மெஷின்காரன் நாலு ஊருக்கு அரைக்கிறவன், யார் எப்போது வந்தார்கள் என்று அவனுக்கு என்ன ஞாபகம்? உன் சாச்சா வீல் ஸ்பேனரை எடுத்து இடது மணிக்கட்டில் ஒன்று போட்டார். எலும்பு உடைகிற சத்தம் தனி, பேரிங் சத்தம் மாதிரி இல்லை. நான் தடுக்கவில்லை. என் என்ஜினைக் கொன்றவனுக்காக நான் எதற்குத் தடுக்கவேண்டும்?

மாமா என் தோளில் கைபோட்டு, "உன் வேலை சுத்தம்தான்பா, நாய் வாய் வெச்சிடுச்சு" என்றார். புது கிராங்க் வாங்கச் சொல்லிவிட்டார். தேதி ரத்தாகவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

சர்ஃபராஸ்


மணவாள நகர்
19-6-2002

கோபால் அண்ணன் இல்லை. நான்.

வியாழக்கிழமை வாப்பா கடையில, உம்மா தூக்கம். அவரை மாவு அரைக்க அனுப்பினதே நான்தான். ஆணியில இருந்த சாவியை எடுத்தேன். காயில் வயரை நீங்க சொன்ன பெட்டியில இருந்து எடுத்து மாட்டினேன். மூணாவது தடவை பிடிச்சுது. சிவப்பு லைட்டைப் பார்த்துக்கிட்டே மிதிச்சேன். இன்னொரு காலையும் சேர்த்து வச்சு மிதிச்சேன். கட்டை தட்டுற சத்தம் வந்ததும் நிறுத்தினேன். வயரைக் கழட்டித் திரும்பப் பெட்டியில வச்சேன்.

வாப்பாவைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஆடு வாங்கப் போய் ஆடு தும்மினா வெறுங்கையோட திரும்பி வர்ற ஆளு. ஓதின சர்க்கரை கையில இருக்கிறப்போ வண்டி நின்னா, சகுனம் சரியில்லைன்னு நிக்காஹ் பேச்சையே விட்டுடுவார்னு நினைச்சேன். உங்க பேர் கெடும்னும் நினைச்சேன். அதுல எனக்குச் சந்தோஷம்தான். மறைக்கலை.

ரோசம்மாள் அக்கா மதில்மேல இருந்து "என்னா சத்தம்"னு கேட்டப்போ வாயில வந்தது அந்தப் பேர்தான். "கோபால் அண்ணன் வண்டி பாக்கறாருக்கா"ன்னு சொல்லிட்டேன். வேற எந்தப் பேரைச் சொல்றது, எங்க வீட்டு வண்டிக்கு வேற யாரு இருக்கா. சொல்லிட்டு உள்ள வந்து ஃபேனைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். அதுக்கப்புறம் அதை நான் நினைக்கவே இல்லை.

அவர் மேல ஸ்பேனர் விழுந்தப்போ நான் ஜன்னல்ல நின்னுக்கிட்டுதான் இருந்தேன். சத்தம் எனக்கும் கேட்டுச்சு. வாயைத் திறக்கலை.

வாப்பாகிட்ட நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. நான் சொன்னா, டிரைவருக்காகப் பொய் சொல்றேன்னு வேற அர்த்தம் எடுப்பாங்க.

அஃப்ஸானா


கும்மிடிப்பூண்டி
21-6-2002

அஃப்ஸானாவுக்கு,

இரண்டு தடவை படித்தேன். கேன்டீனுக்குப் போகவில்லை. என் கையால் கட்டிய என்ஜினை என் கடிதத்தைப் பார்த்தே கொன்றிருக்கிறாய். செய்முறையில் ஒரு தப்பும் இல்லை. என் ஷிஃப்ட் பையன்களுக்கு இந்த ஒழுங்கு வராது.

நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. இப்போது கோபால்தான் செய்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. என் வேலை சுத்தம் என்று மாமாவே சொல்லிவிட்டார். நீ வாயைத் திறந்தால் என்ன ஆகும்? அவன் மணிக்கட்டு ஒட்டிக்கொள்ளுமா? உன் காலேஜ் போகும், உன் பேர் போகும், என் வொர்க்‌ஷாப் போகும். மூன்று பேர் கெட்டுப்போவதைவிட ஒருத்தன் கெட்டுப்போனால் போதும். டிரைவருக்கு இந்தப் பக்கம் வேலைக்குப் பஞ்சமா?

வாயை மூடிக்கொண்டு இருந்தால் மூணாவது வருஷம் முடிக்க மாமாவிடம் நானே பேசுகிறேன். அதற்கப்புறம் நிக்காஹ். நீ என்னை வெறுப்பதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குள் என்னை வெறுக்கிறவர்கள் இருந்து எனக்குப் பழக்கம்.

யோசி. இதைவிட நல்ல ஏற்பாடு உனக்கு எவனும் தரமாட்டான்.

சர்ஃபராஸ்


மணவாள நகர்
26-6-2002

சர்ஃபராஸுக்கு,

ஒரு முழு நாள் யோசிச்சேன். பொய் சொல்லலை, யோசிச்சேன். காலேஜ் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தேன், மறுபடி வச்சேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிடற நேரத்துல சொல்லிட்டேன். எப்படி ஸ்டார்ட் பண்ணினேன்னு ஒண்ணொண்ணா சொன்னப்புறம்தான் நம்பினாங்க.

வாப்பா அடிக்கலை. "வேணாம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே"ன்னார். உம்மாகிட்ட சொன்னேன்னு சொன்னேன். உம்மா ரசத்தை ஊத்திக்கிட்டு இருந்தாங்க, தட்டு நிறைஞ்சு வழிஞ்சப்புறமும் ஊத்திக்கிட்டு இருந்தாங்க.

திங்கட்கிழமை வாப்பா உங்க ஃபேக்டரிக்குப் போன் போட்டப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். "உனக்கு எப்போ தெரியும்?"னு ஒரே கேள்வி. நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குக் கேட்கலை. வாப்பா போனை வச்சிட்டு, "வெள்ளிக்கிழமை உன் லெட்டர் வந்தப்பவே தெரியுமாம். தெரிஞ்சா என்னன்னு கேக்கறான்"னார். அதோட நம்ம நிக்காஹ் பேச்சு முடிஞ்சுபோச்சு. நீங்க பொய் சொல்லியிருக்கலாம். வாப்பா நம்பியிருப்பார். அந்த அளவுக்குக்கூட உங்களுக்கு அது பெரிய விஷயமாத் தெரியலை.

கோபால் அண்ணனைக் கூப்பிட வாப்பாவும் சாச்சாவும் அவங்க வீட்டுக்குப் போனாங்க. கங்கம்மா அக்கா வாசப்படியில உட்கார்ந்துக்கிட்டு எழுந்திரிக்கலையாம். "வேலயும் வாணாம், உங்க துட்டும் வாணாம். அந்தக் கைய குடுத்துட்டு போங்க"ன்னாங்களாம். சாச்சா அதைக் கோபமா வந்து சொன்னார். கியர் போடற கை அது.

என் காலேஜ் நின்னுடுச்சு. பழவேற்காட்டுல பெரியவாப்பா வீட்டுக்கு என்னை அனுப்புறாங்க. அங்க ஒருத்தருக்குப் பேசியிருக்காங்க, வலைக்கடை, முதல் சம்சாரம் இறந்துபோச்சாம். இந்தத் தடவை என்ஜின் எதுவும் கட்டவேண்டியதில்லை.

உங்க டூல்பாக்ஸ் ஷெட்டுல கிடக்கு. யாராவது ஆளை அனுப்பி எடுத்துக்கோங்க. நீங்க வராதீங்க.

அஃப்ஸானா


கும்மிடிப்பூண்டி
22-7-2002

அஃப்ஸானாவுக்கு,

இதை மேரி வீட்டுக்குப் போடுகிறேன். அவள் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

எனக்கு வருத்தம் ஏதும் கிடையாது. மாமா கேட்டார், உள்ளதைச் சொன்னேன். வொர்க்‌ஷாப் போனது போனதுதான். இரவு ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொண்டேன், முதலாளி மச்சினன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

இன்று காலை ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது எதிர் கம்பெனி கேட்டில் காக்கிச் சட்டையில் ஒரு வாட்ச்மேன் எனக்கு சல்யூட் வைத்தான். இடது கையில் மாவுக்கட்டு. உங்கள் கோபால். "இன்னா சார், நல்லா கீறீங்களா?" என்றான். உன் வாப்பா போய்ச் சொன்னதால் நீதான் செய்தாய் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் உன்மேல் கோபம் இல்லையாம். "சின்னப் பொண்ணு சார், பயத்துல ஒரு பேர சொல்லிச்சு" என்கிறான். அந்த ஆளுக்கு மூளை கிடையாது, நான் முதலிலேயே சொன்னேன். கட்டு பிரித்தாலும் கை முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நான் நகர்ந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டுக் கேட்டான்:

"பாப்பா காலேஜ் போய்க்கினு கீதா சார்?"

போகிறாள் என்று சொன்னேன்.

"ஸ்டேஷனுக்கு யாரு இட்டுனு போறா?"

புது டிரைவர் வைத்திருக்கிறார்கள் என்றேன். எந்த ட்ரெயின் என்று கேட்டான், அதற்கும் ஒரு பதில் சொன்னேன். நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள் என்றான். சரி என்றேன்.

பதில் எழுதாதே.

சர்ஃபராஸ்